ஓடையா, வெயிலா, கம்பியா? ஜவ்வாது மலையடிவாரத்தில் ஒரு மின்சாரக் கணக்கு

ஒடுகத்தூரைத் தாண்டி, ஜவ்வாது மலை எழும்பத் தொடங்கும் இடத்தில் என் மைத்துனருக்கு ஐந்து ஏக்கர் நிலம் இருக்கிறது. நிலத்தின் தலைமாட்டில் ஒரு பாறைச் சரிவு. கார்த்திகை மாதத்தில் அந்தச் சரிவில் ஓடை வெள்ளையாக நுரைத்து இறங்கும். மூன்று வருடங்களுக்கு முன் அப்படி ஒரு கார்த்திகையில்தான் அவர் தொலைபேசியில் அழைத்தார். "மாமா, இந்தத் தண்ணீர் இரவும் பகலும் வீணாகப் போகிறது. ஒரு டர்பைன் வைத்தால் கிணற்று மோட்டாரும் ஓடும், வீட்டுக்கும் ஆகும் என்கிறார் ஒரு வியாபாரி. எட்டுக் கிலோவாட்டாம். நான்கு லட்சம் கேட்கிறார். நீங்கள் நீர்மின் நிலையத்திலேயே வேலை பார்த்தவர். வந்து பார்த்துச் சொல்லுங்கள்."

நீலகிரியில் குந்தா மின் நிலையங்களில் இருபத்தாறு வருடங்கள் வேலை பார்த்துவிட்டு வேலூருக்குத் திரும்பியவன் நான். மலையிலிருந்து விழும் தண்ணீர் மீது எனக்குத் தனிப் பாசம் உண்டு. அதனாலேயே மைத்துனரிடம் உடனே சரி என்று சொல்லவில்லை. பாசம் கணக்கைக் கெடுத்துவிடும். அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போனேன். கையில் ஒரு சுருள் ஒளி ஊடுருவும் குழாயும், ஒரு நிறுத்தக் கடிகாரமும் எடுத்துக்கொண்டேன்.

அமிர்திப் பக்கமும் ஏலகிரி அடிவாரத்திலும் நிலம் வைத்திருக்கும் சிலர் அதன் பிறகு என்னிடம் இதே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். ஓடையில் டர்பைன் வைப்பதா, சூரியத் தகடு போடுவதா, மின்வாரியக் கம்பிக்குக் காத்திருப்பதா? அவர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

நீர்மின்சாரத்துக்கு இரண்டே பொருள் வேண்டும்: உயரம், தண்ணீர். உயரத்தில் இருக்கும் தண்ணீர் கீழே வரும்போது அதன் எடை ஒரு வேலையைச் செய்யத் தயாராக இருக்கிறது. சும்மா விட்டால் அந்த வேலை பாறையில் மோதி, நுரையாகவும் சத்தமாகவும் கொஞ்சம் சூடாகவும் தீர்ந்துவிடும். குழாய்க்குள் அடைத்து இறக்கினால் அதே வேலை குழாயின் அடியில் அழுத்தமாக நிற்கும். அந்த அழுத்தம் டர்பைனைச் சுற்றும். டர்பைனின் தண்டோடு இணைந்த ஜெனரேட்டருக்குள் காந்தம் சுழலும். சுற்றிலும் இருக்கும் செம்புக் கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கும். மேட்டூரிலும் இதுதான், மைத்துனரின் ஓடையிலும் இதுதான்.

ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க எவ்வளவு தண்ணீர் இறங்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து என்றால், நஷ்டமே இல்லாவிட்டாலும் 3,67,000 லிட்டர் இறங்க வேண்டும். உயரம் கூடக்கூட இந்த அளவு குறையும். நீலகிரியில் பைக்காரா மின் நிலையம் 1932-ல் ஓடத் தொடங்கியது. அங்கே தண்ணீர் 900 மீட்டருக்கும் மேல் இறங்குகிறது. ஒரு யூனிட்டுக்குச் சுமார் 500 லிட்டர் போதும், ஒரு சின்ன மாடித் தொட்டி அளவு. மைத்துனரின் ஓடையில் பயன்படக்கூடிய உயரம் 24 மீட்டர்தான். சிறிய இயந்திரங்களின் நஷ்டத்தையும் சேர்த்தால் ஒரு யூனிட்டுக்கு 25,000 லிட்டருக்கு மேல் வேண்டும். வேலூரில் கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தவர்களுக்கு அந்த அளவு புரியும்: 12,000 லிட்டர் லாரி இரண்டுக்கும் மேல்.

அந்த 24 மீட்டர் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஓடை பாறையிலிருந்து பிரியும் இடத்துக்கும், டர்பைன் வைக்கலாம் என்று அவர் காட்டிய மேட்டுக்கும் நடுவே கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் அதே தண்ணீர்க் குழாயை வைத்துப் படிப்படியாக இறங்கினோம். ஒவ்வொரு படியிலும் ஒரு முனையை மைத்துனரின் மகன் பிடிக்க, மறுமுனையின் நீர்மட்டத்துக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை நான் நோட்டில் எழுதினேன். பத்தொன்பது படிகள், மொத்தம் 28 மீட்டர். வியாபாரி கைப்பேசியில் பார்த்துவிட்டு 45 மீட்டர் என்று சொல்லியிருந்தார். மலைச் சரிவில் கைப்பேசி காட்டும் உயரத்தை நம்பி யாரும் பணம் போடாதீர்கள். 28 மீட்டரிலும் முழுவதும் கைக்கு வராது. தண்ணீர் குழாய்ச் சுவரில் உரசிக்கொண்டே வரும். 110 மில்லிமீட்டர் கருப்புக் குழாயை 100 மீட்டர் நீளத்துக்குப் போட்டால், முழு ஓட்டத்தில் ஏறத்தாழ நான்கு மீட்டர் உயரத்தை உராய்வே தின்றுவிடும். காசை மிச்சம் பிடிக்கக் குழாயைச் சிறிதாக்கினால் நிலைமை படுமோசம். அதே தண்ணீரைப் பாதி விட்டமுள்ள குழாயில் அனுப்பினால் உராய்வு முப்பது மடங்கைத் தாண்டும். குழாய்தான் இந்த வேலையில் பெரிய செலவு என்பதும், அதில்தான் எல்லோரும் கை வைப்பார்கள் என்பதும் என் அனுபவம்.

அடுத்தது தண்ணீர். ஓடையைக் கல்லாலும் மண்ணாலும் கொஞ்சம் அணைத்து, முழுவதையும் ஒரு குழாய் வழியாக 200 லிட்டர் டிரம்மில் விழச் செய்தோம். கடிகாரத்தை அழுத்தினேன். 13 விநாடியில் டிரம் வழிந்தது. நொடிக்கு ஏறத்தாழ 15 லிட்டர். பையன் கைதட்டினான். எனக்கும் மகிழ்ச்சிதான், மறைக்கவில்லை. நொடிக்கு 15 லிட்டர், 24 மீட்டர் உயரம், அறுபது சதவீதத் திறன் என்று வைத்தால் 2,100 வாட். வியாபாரி சொன்ன எட்டுக் கிலோவாட்டுக்கு நொடிக்கு 56 லிட்டருக்கு மேல் வேண்டும். அவ்வளவு தண்ணீர் புயல் மழையன்று வரும். அன்று ஓடையில் தண்ணீரோடு கல்லும் மண்ணும் மரக்கிளையும் வரும். டர்பைனை நிறுத்தி வைக்க வேண்டிய நாளே அதுதான்.

சரி, 2,100 வாட் என்றாலும் இரவு பகல் இருபத்துநான்கு மணி நேரம் ஓடினால் நாளுக்கு ஐம்பது யூனிட். ஒரு வீட்டுக்கு அது ராஜபோகம். மைத்துனரின் முகம் மலர்ந்தது. நான் அவரிடம் கேட்டது ஒன்றுதான்: "பங்குனியில் இந்த ஓடை எப்படி இருக்கும்?" அவர் பதில் சொல்லாமல் பாறையைப் பார்த்தார்.

அந்த டிரம்மை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். மாதத்துக்கு ஒரு முறை அது நிரம்பும் நேரத்தை எழுதிவைக்கச் சொன்னேன். பம்ப்செட் அறையின் சுவரில் கரியால் எழுதினார். தை மாதம் 40 விநாடி. அதாவது நொடிக்கு ஐந்து லிட்டர், 700 வாட். மாசிக் கடைசியில் டிரம்மை விட்டுவிட்டு 15 லிட்டர் வாளிக்கு மாறினார். அது நிரம்ப 25 விநாடி ஆனது. கணக்குப்படி 85 வாட், ஒரு மேசை விசிறிக்குச் சற்றே மேல். பங்குனி நடுவில் பாறையில் ஈரம் மட்டும் இருந்தது. அதன் பிறகு ஆடி மழை வரைக்கும் சுவரில் வெறும் கோடுதான்.

நம் வட ஆற்காட்டின் தண்ணீர்க் கதையே இதுதான். பாலாறு கர்நாடகத்து நந்தி மலையில் பிறந்து ஆந்திரம் வழியாக வாணியம்பாடிப் பக்கம் நமக்குள் நுழைகிறது. பெரும்பாலான நாட்களில் மணலைத்தான் கொண்டுவருகிறது. மலையின் உயரத்தில் நமக்குக் குறையில்லை. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கும் இடம் கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கு மேலே. உயரம் இருந்து என்ன, அந்த உயரத்தில் தண்ணீரைத் தேக்கிவைக்கும் பள்ளம் வேண்டும். குந்தாவில் அவலாஞ்சி, எமரால்டு அணைகள் மலையின் உச்சியிலேயே மழையைப் பிடித்துவைக்கின்றன. ஜூலையில் பெய்ததை மார்ச்சில் இறக்கி மின்சாரமாக்குவோம். அந்தத் தேக்கம் இல்லாத ஓடையில் மழை பெய்யும்போது மட்டும்தான் மின்சாரம்.

பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் நீர்மின்சாரமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். 1989-ல் மாவட்டம் பிரியும் வரை நம்மோடு இருந்த சாத்தனூரில் தென்பெண்ணைக்குக் குறுக்கே 119 அடி அணை இருக்கிறது. கட்டி முடித்தது 1958-ல். அங்கே 7.5 மெகாவாட் மின் நிலையம் ஒன்று உண்டு. மேட்டூர் அணையோடு சேர்ந்த இரண்டு நிலையங்களும் 250 மெகாவாட் என்பதை நினைத்தால் அது சிறியதுதான். அந்த அணை பாசனத்துக்காகக் கட்டியது. வயலுக்குத் தண்ணீர் திறக்கும்போது வழியில் கிடைக்கும் வேலையை டர்பைன் எடுத்துக்கொள்கிறது. இந்த முன்னுரிமை சரியானது என்பது என் உறுதியான கருத்து. நம் ஊரில் தண்ணீர் முதலில் பயிருக்கும் குடிக்கவும். மின்சாரம் அதன் பிறகு.

இன்னொரு செய்தியையும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1902-ல் காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் எடுத்த மின்சாரம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கம்பியில் எங்கே போனது தெரியுமா? கோலார் தங்கவயலுக்கு. குடியாத்தம், ஆம்பூர், திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து நம் பாட்டன்மார் ஆயிரக்கணக்கில் சுரங்கத்தில் இறங்கிய அதே தங்கவயல். நம் மாவட்டத்து வீடுகள் பலவற்றில் விளக்கெண்ணெய் எரிந்துகொண்டிருந்த காலத்தில், நம் ஆட்கள் நீர்மின்சாரத்தில் இயங்கிய சுரங்கத்தில், பூமிக்கு அடியில் வேலை பார்த்தார்கள்.

இனி டர்பைனுக்கு வருவோம். தண்ணீர் போதவில்லை என்பது மட்டும் என் தயக்கத்துக்குக் காரணம் இல்லை. அந்த இயந்திரம் எவ்வளவு கவனம் கேட்கும் என்று எனக்குத் தெரியும்.

இந்த மாதிரி இடத்துக்கு ஏற்றது பெல்டன் சக்கரம். சக்கரத்தின் விளிம்பைச் சுற்றிலும் இரட்டைக் கரண்டி போன்ற கிண்ணங்கள் இருக்கும். இரண்டு கிண்ணங்களுக்கும் நடுவே கத்தி முனை போல ஒரு மேடு. குழாயின் நுனியிலிருந்து பீய்ச்சும் தண்ணீர் அந்த மேட்டில் பட்டு இரண்டாகப் பிளந்து, கிண்ணத்தின் உள்வளைவில் சறுக்கி, வந்த திசைக்கே ஏறத்தாழத் திரும்பிவிடும். திருப்பிவிடுவதில்தான் வேலை முழுவதும் சக்கரத்துக்கு வருகிறது. சக்கரத்தின் விளிம்பு தண்ணீரின் வேகத்தில் பாதி வேகத்தில் ஓடும்போது, கிண்ணத்தை விட்டு வெளியேறும் தண்ணீரில் வேகமே மிச்சமிருக்காது. சொட்டுச் சொட்டாகக் கீழே விழுந்துவிடும். நன்றாக ஓடும் பெல்டன் சக்கரத்தின் அடியில் எட்டிப்பார்த்தால் தண்ணீர் களைத்துப்போய் விழுவது தெரியும். எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், அலுத்ததே இல்லை.

24 மீட்டர் உயரத்தில் தண்ணீர் மணிக்கு 78 கிலோமீட்டர் வேகத்தில் பீய்ச்சும். 30 சென்டிமீட்டர் சக்கரம் என்றால் நிமிடத்துக்கு 690 சுற்று. வீட்டுச் சாமான்களுக்கு ஏற்ற ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 1,500 சுற்று கேட்கும். ஆகவே நடுவே ஒரு பெல்ட் வேண்டும். பெல்ட் தளரும், மாற்ற வேண்டும். அது சின்ன விஷயம். பெரிய விஷயம், வேகத்தைக் கட்டுப்படுத்துவது. மோட்டாரை நிறுத்திய மறுநொடி ஜெனரேட்டர் மீதிருந்த சுமை போய்விடும். தண்ணீர் மட்டும் அதே வேகத்தில் தள்ளிக்கொண்டிருக்கும். சக்கரம் கட்டு மீறி ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்துக்குப் போய்விடும். உடனே வால்வை மூடலாமே என்றால் அது அதைவிட ஆபத்து. நூறு மீட்டர் குழாயில் ஓடிவரும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால் அது சுத்தியல் போல அடிக்கும். 'வாட்டர் ஹாமர்' என்போம், குழாயே பிளந்துவிடும். பெரிய நிலையங்களில் தண்ணீர்ப் பீய்ச்சலுக்குக் குறுக்கே ஒரு தகடு வந்து அதை ஒரு பக்கம் திருப்பிவிடும். பிறகு வால்வு மெதுவாக மூடும். ஓர் இரவு, மலையில் இடி விழுந்து வெளியே போகும் கம்பி துண்டானபோது, எங்கள் நிலையத்தில் அந்தத் தகடு விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. தரை அதிர்ந்தது, பத்து விநாடியில் எல்லாம் அடங்கியது. சிறிய டர்பைனில் இதற்குப் பதிலாக ஒரு மின்னணுப் பெட்டி இருக்கும். வீட்டில் செலவாகாத மின்சாரத்தை ஒரு ஹீட்டரில் எரித்து, ஜெனரேட்டர் மீது சுமை எப்போதும் ஒரே அளவாக இருக்கும்படி அது பார்த்துக்கொள்ளும். அந்தப் பெட்டி இல்லாமல் யாராவது டர்பைன் விற்றால் வாங்கவே கூடாது. மைத்துனருக்குக் கொடுத்த விலைப்பட்டியலில் அது இல்லை.

அனுமதியும் ஒரு பாடு. ஓடை புறம்போக்கு, பட்டா நம் பெயரில் இருந்தாலும் ஓடும் தண்ணீர் நம்முடையதல்ல. தலைமாட்டில் காப்புக்காடு இருந்தால் வனத்துறையைக் கேட்காமல் ஒரு குழாய்கூடப் பதிக்க முடியாது. அது சரியான கட்டுப்பாடுதான். ஓடைத் தண்ணீரை வீணாகப் போவது என்று மைத்துனர் சொன்னதை நான் ஏற்கவில்லை. அது கீழே போய் எத்தனை கிணறுகளில் ஊறுகிறது என்பதை ஒடுகத்தூர்க்காரர்களைக் கேட்டால் தெரியும்.

ஒரு வருடத்துக் கரிக்கோடுகளைக் கூட்டிப் பார்த்தோம். முழு ஓட்டம் இரண்டு மாதம், மூன்றில் ஒரு பங்கு ஓட்டம் இரண்டு மாதம், சொட்டு ஓட்டம் ஒரு மாதம். மொத்தம் வருடத்துக்கு 4,100 யூனிட். மூன்று கிலோவாட் சூரியத் தகடும் நம் பக்கத்தில் ஏறக்குறைய அதே அளவைத் தரும்: ஒரு கிலோவாட்டுக்கு நாளுக்குச் சராசரியாக நான்கு யூனிட், வருடத்துக்கு 4,400 வரை. தொகை ஒன்றுதான், வரும் காலம்தான் வேறு. ஓடை தரும் 4,100-ல் மூவாயிரம் யூனிட் கார்த்திகை, மார்கழியில் வந்துவிடும். அப்போது கிணறு நிறைந்திருக்கும், நிலம் ஈரமாக இருக்கும், மோட்டாருக்கு வேலையே இல்லை. வெயில் தருவது பங்குனி, சித்திரை, வைகாசியில் உச்சத்துக்கு வரும். நிலக்கடலையும் காய்கறியும் தண்ணீருக்கு ஏங்குவது அப்போதுதான். வேலூர் வெயிலை நாம் வருடம் முழுவதும் திட்டுகிறோம். மோட்டார் ஓட்ட அது போதும் போதும் என்கிற அளவுக்குக் கிடக்கிறது.

தகட்டிலும் குறைகள் இருக்கின்றன. வெளிச்சம் வேண்டும், சூடு வேண்டாம் என்பது அதன் இயல்பு. அக்னி நட்சத்திரத்தில் தகட்டின் மேற்பரப்பு 65 டிகிரியைத் தொடும். 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் குறைவதால், உச்சி வெயிலில் பதினாறு சதவீதம் போய்விடும். ஆகவே தகட்டைத் தகரக் கூரையோடு ஒட்டிப் படுக்கவைக்காமல், அடியில் காற்றோட்டம் விட்டுத் தூக்கி நிறுத்த வேண்டும். மண் சாலை ஓரம் என்றால் வாரம் ஒரு முறை துடைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வாரக்கணக்கில் மூட்டம் போட்டால் உற்பத்தி பாதிக்கும் கீழே. இரவில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் சுழலும் பாகம் கிடையாது, பெல்ட் கிடையாது, இடி இரவில் எழுந்து ஓட வேண்டியது கிடையாது. வீட்டில் வயதானவர்கள் மட்டும் இருக்கும் நாட்களிலும் அது பாட்டுக்கு வேலை செய்யும். சூரிய பம்ப்செட்டுக்கு வேளாண்மைப் பொறியியல் துறை மூலம் மானியம் உண்டு. வீட்டுக் கூரையில் போட்டு மின்வாரியக் கம்பியோடு இணைத்தால், 2024-ல் வந்த ஒன்றிய அரசுத் திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் கிடைக்கிறது.

கம்பி மின்சாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோரும் அறிந்தது. விவசாய மோட்டாருக்குக் கட்டணமில்லை. வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் நூறு யூனிட் இலவசம். இந்த விலையோடு எந்த இயந்திரமும் போட்டி போட முடியாது. வீட்டுக்கு இணைப்பு கிடைக்கும் தூரத்தில் கம்பம் இருந்தால் முதலில் அதை வாங்குங்கள், யோசிக்கவே வேண்டாம். விவசாய இணைப்புக்கு வரிசை நீளம். மும்முனை மின்சாரம் நாள் முழுவதும் வருவதில்லை. மைத்துனர் விண்ணப்பம் கொடுத்து நான்கு வருடம் ஆகியிருந்தது. டீசல் இயந்திரம் அவரிடம் ஏற்கெனவே இருந்தது. ஒரு லிட்டருக்கு மூன்று யூனிட் கிடைத்தால் பெரிது. அவசரத்துக்கு இருக்கட்டும், அவ்வளவுதான்.

மைத்துனரின் மகன் குடியாத்தத்தில் பாலிடெக்னிக் படிக்கிறான். அவன் ஒரு யோசனை சொன்னான். நல்ல யோசனை என்பதால் அதற்குக் கொஞ்சம் இடம் கொடுக்கிறேன். "பகலில் வெயிலில் மோட்டாரை ஓட்டி மேட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவோம். இரவில் அதையே டர்பைன் வழியாக இறக்கி விளக்குப் போடுவோம். காடம்பாறையில் அப்படித்தானே செய்கிறார்கள், மாமா?" ஆம், கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் அப்படித்தான் செய்கிறார்கள். 400 மெகாவாட் நிலையம். மின்சாரம் உபரியாக இருக்கும் நேரத்தில் கீழணைத் தண்ணீரை மேலணைக்கு ஏற்றி, தேவை உச்சத்தில் இருக்கும் நேரத்தில் இறக்குகிறார்கள். அவனைப் பாராட்டிவிட்டு நோட்டைக் கொடுத்துக் கணக்குப் போடச் சொன்னேன். 10,000 லிட்டர் தொட்டி, 24 மீட்டர் உயரம். நஷ்டம் இல்லாவிட்டால் 0.65 யூனிட். டர்பைனின் திறனைச் சேர்த்தால் 0.39 யூனிட். பத்தாயிரம் லிட்டர் தண்ணீரை மலைமேல் ஏற்றி இறக்கினால் அரை யூனிட்கூட வராது. வீட்டில் இன்வெர்ட்டரோடு இருக்கும் 150 ஆம்பியர்-மணி பேட்டரியைப் பாதிதான் பயன்படுத்தினாலும் 0.9 யூனிட் தரும். அவன் இரண்டு முறை கணக்கைச் சரிபார்த்தான். பிறகு தொட்டியையும் பேட்டரியையும் மாறி மாறிப் பார்த்தான். தண்ணீரில் சக்தியைச் சேமிப்பது மலை அளவில்தான் கட்டுப்படியாகும்; வீட்டு அளவில் பேட்டரிதான்.

ஆனால் அந்த யோசனையில் பாதி உருப்படியானது. மேட்டுத் தொட்டி வேண்டும், டர்பைன் வேண்டாம். பகலில் வெயில் ஏற்றும் தண்ணீரைத் தொட்டியில் வைத்துக்கொண்டு, சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் சொட்டுநீர்க் குழாயில் தானாக இறங்கவிட்டால், பயிருக்கு நல்லது, மோட்டாரும் தேவையில்லை. மைத்துனர் கடைசியில் செய்தது இதைத்தான். மூன்று குதிரைத்திறன் சூரிய பம்ப்செட், மேட்டில் ஒரு தொட்டி. வீட்டுக்குக் கம்பி இணைப்பு. நான்கு லட்சத்தில் பாதிகூட அவர் கையிலிருந்து போகவில்லை. வியாபாரி கோபித்துக்கொண்டார்.

அப்படியென்றால் நம் மாவட்டத்தில் ஓடை டர்பைனுக்கு இடமே இல்லையா? இருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் இந்த ஒப்பீடு பாதிதான்.

போன வருடம் பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை இருக்கும் மேல்மலைப் பக்கம் ஒரு சிற்றூரிலிருந்து அழைப்பு வந்தது. இருபத்திரண்டு வீடுகள். கம்பி வந்திருக்கிறது, ஆனால் மழைக்காலத்தில் மரம் சாய்ந்தால் வாரக்கணக்கில் இருட்டு. ஊருக்கு மேலே ஒரு ஊற்று. அது ஓடை போல மழைக்கு ஆடிப் பாடுவதில்லை. மாசியில் நான் போனபோதும் நொடிக்கு இரண்டு லிட்டர் சீராக வந்துகொண்டிருந்தது. ஊரின் பெரியவர், "இது என் அப்பா காலத்திலும் நின்றதில்லை" என்றார். உயரம் 60 மீட்டர் கிடைக்கிறது. கணக்குப் போட்டால் 650 வாட். கேட்பதற்குச் சின்ன எண். ஆனால் நின்று நிதானமாக, மழையிலும் இரவிலும் வருகிறது; நாளுக்குப் பதினைந்து யூனிட். வீட்டுக்கு முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு: மூன்று எல்இடி விளக்கு, ஒரு கைப்பேசி, இரவில் சில மணி நேரம் விசிறி.

இதே பதினைந்து யூனிட்டைத் தகட்டில் எடுக்க நான்கு கிலோவாட் வேண்டும். இரவுக்காகப் பெரிய பேட்டரி வரிசையும் வேண்டும். அந்தப் பேட்டரிகளைச் சில வருடங்களுக்கு ஒரு முறை மலைமேல் சுமந்து மாற்ற வேண்டும். அதுவும், கம்பி அறுந்து ஊர் இருட்டாகும் அதே ஐப்பசி, கார்த்திகை மூட்டத்தில்தான் தகடு கைவிடும். இங்கே என் தராசு டர்பைன் பக்கம் தெளிவாகச் சாய்கிறது. தண்ணீர் குறைவு, உயரம் அதிகம் என்பதால் குழாயும் மெலிதாக இருக்கலாம், சக்கரமும் கைக்கு அடக்கமாக இருக்கலாம். வண்டல் தங்குவதற்கு ஒரு முன்தொட்டி, இலை தழை நுழையாமல் கம்பி வலை, நான் மேலே சொன்ன அந்த மின்னணுப் பெட்டி. வலையைத் தினமும் காலையில் ஒருவர் போய்ச் சுத்தம் செய்ய வேண்டும். ஊரே முறை வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். ஏரி மதகுக்கும் கோயில் விளக்குக்கும் முறை வைத்துப் பழகிய ஊர்களுக்கு அது கஷ்டமில்லை.

ஒரே ஏமாற்றம், சாமை அரைக்கும் இயந்திரம். பெண்கள் முதலில் கேட்டதே அதைத்தான். உரலில் குத்திக் குத்திக் கை ஓய்ந்துபோனவர்கள். இரண்டு குதிரைத்திறன் மோட்டாருக்கு 1,500 வாட் வேண்டும்; ஊற்றால் தர முடியாது. கம்பி வரும் நேரத்தில் அதை ஓட்டிக்கொள்ள வேண்டும், அல்லது அரவைக்கென்று தனியாகப் பகல் வெயிலில் ஓடும் இரண்டு கிலோவாட் தகடு போட வேண்டும். இரண்டாவதையே நான் சொன்னேன். அரவையைப் பகலில் வைத்துக்கொண்டால் பேட்டரி தேவையில்லை.

ஊற்று இருப்பது காட்டு எல்லைக்குள் என்பதால் வனத்துறைக்கு மனு போயிருக்கிறது. பதில் வரும்வரை ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். மாசி அளவை வைத்துக்கொண்டு பணம் போட எனக்குத் துணிவில்லை. பங்குனியும் சித்திரையும் தாண்ட வேண்டும். மைத்துனர் தன் பழைய டிரம்மை ஜீப்பில் ஏற்றி அங்கே அனுப்பிவைத்தார். பெரியவரின் பேத்தி எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். கைப்பேசியில் நேரம் பார்த்து அவள்தான் எழுதுகிறாள். பங்குனிக் கடைசியில் எழுதியதை எனக்குப் படம் எடுத்து அனுப்பினாள்: 200 லிட்டர், 1 நிமிடம் 46 விநாடி. நொடிக்கு 1.9 லிட்டர் வருகிறது. சித்திரை எண்ணுக்காகக் காத்திருக்கிறேன்.